காராமணி அக்காவும் குடுவைத் தம்பியும்

ஆய்வுக்கூட ஜன்னலோரத் தொட்டியில் ஒரு காராமணிச் செடி நின்றது. பக்கத்துக் குடுவையில் ஒரு பாக்டீரியா இருந்தது. கிருமிகளைக் கொல்லச் செடி தனக்குள் சுரக்கும் புரதத்தை, மருந்துக்காக இப்போது ஆய்வாளர்கள் அந்தப் பாக்டீரியாவைச் செய்ய வைத்திருந்தார்கள்.

“லட்டு மாதிரி உருட்டி உருட்டி வச்சிருக்கேன் அக்கா,” என்றது பாக்டீரியா, மூச்சிரைக்க. “நீங்க இவ்வளவு செய்வீங்களா?”

“கிருமி கடிச்சாத்தான் செய்வேன் தம்பி.”

“என்னை யாரும் கடிக்கலையே. நான் யாரைக் கொல்லச் செய்யறேன்?”

‘உன் சாதிசனத்தைத்தான்’ என்று சொல்லச் செடிக்கு நா எழவில்லை. “நாலு உயிர் பிழைக்கும், செய்,” என்றது.

மறுநாள் பாக்டீரியாவை உடைத்துப் பார்த்தார்கள். “புரதமெல்லாம் உருண்டு கட்டியாயிடுச்சு. மருந்துக்கு ஆகாது, கொட்டிடுங்க,” என்றார் ஒருவர்.

மதியமே அதே இடத்தில் புதுக் குடுவை வந்தது.

“லட்டு மாதிரி உருட்டறேன், பாருங்க அக்கா,” என்றது உள்ளிருந்து ஒரு புதுக் குரல்.

“உருட்டாதே தம்பி.”

“தானா உருளுது அக்கா.”

அன்று செடியை எந்தக் கிருமியும் கடிக்கவில்லை. ஆனாலும் வேர் முதல் நுனிவரை கிருமி கொல்லும் அந்தப் புரத நஞ்சு ஊறிக்கொண்டே இருந்தது.