பெரியவளின் சம்பளம்

பெரியவள் மூன்றாவது முறையாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

தாகமே இல்லை.

நர்சிங் கல்லூரி அலுவலகத்தின் வராந்தா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் அப்பாக்களும் பிள்ளைகளும். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். கட்டினால்தான் படிக்க இடம். பன்னிரண்டு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

மணி பதினொன்று பத்து.

அப்பா கல்லூரி விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்தது ஒரே கணக்கு. கறவை மாடு வாங்கும்போது போடுவது. மாட்டின் விலை, தீவனம், பால் வத்திக் கிடக்கும் மாதங்கள். அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்பது. முப்பது வருடமாக அந்தக் கணக்கு அவரைக் கைவிட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய மகள் நாகப்பிரியாவின் படிப்புக்கும் அதையே போட்டார்.

"பீசு, ஹாஸ்டலு எல்லாம் சேத்து நாலு வருசத்துக்கு அஞ்சு லட்சத்து அறுவது. படிச்சு முடிச்சு வேலை கிடைக்க ஒரு ஆறு மாசம். அதுக்கப்புறம் பெரியவ மாதிரி மாசம் பதினஞ்சாயிரம் வீட்டுக்கு அனுப்புனா, மூணு வருசம் ரெண்டு மாசத்துல போட்டது வந்துரும்."

பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். பெருமை பிடிபடவில்லை.

அப்பா சொன்ன பெரியவள் அவள்தான். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதே படிப்புத்தான்.

ஃபைலோடு கடந்துபோன ஆபீஸ் அம்மா நின்றாள்.

"அக்காவே நர்சா? அப்புறம் என்னங்க யோசனை?"

பெரியவள் மறுபடியும் எழுந்தாள். வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினாள்.

பதினைந்தாயிரம் உண்மைதான். மாதம் தவறாமல் அனுப்புகிறாள். அவள் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் ஏழு போனாலும் சம்பளம் இருபத்திரண்டு இருக்கும் என்று அப்பாவே கூட்டிக்கொண்டார். பால் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தார். அவள் மறுக்கவில்லை. அவ்வளவு செலவழித்துப் படிக்கவைத்த மனுஷனிடம் பதின்மூன்று என்று சொல்ல வாய் வரவில்லை.

சம்பளம் பதின்மூன்று.

மீதி ஒன்பதாயிரம் வேறு டியூட்டி. ஆஸ்பத்திரி முடிந்ததும் பஸ் மாறி ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு அம்மாள் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. குழாயில் கஞ்சி ஊற்றி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது மணி பதினொன்றாகிவிடும். காலை ஐந்தரைக்கு மறுபடி எழ வேண்டும்.

வீட்டிலிருந்து போன் வந்தால் "டியூட்டில இருக்கேன்ப்பா" என்பாள். எந்த டியூட்டி என்று யாரும் கேட்டதில்லை.

வரும் வழியில் பஸ்ஸிலேயே சரியான கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தாள். பதின்மூன்றில் ஏழு போனால் ஆறு. ஐந்து லட்சத்து அறுபதாயிரம் திரும்ப ஏழே முக்கால் வருடம்.

அப்பாவின் உள்பையில் முதல் வருடப் பணம். ஓடையோரத்து முக்கால் ஏக்கரை ஒத்திக்கு விட்டு வாங்கியது. அடுத்த வருடங்களுக்கு மாடுகளை விற்பதாக ஏற்பாடு.

சொல்லாவிட்டால் நிலம் போகும். மாடுகளும் போகும்.

சொன்னால் பிரியாவுக்கு மில் வேன். பிளஸ் டூ முடித்த பெண்களை விடியற்காலையில் வீடு வீடாக நூல் மில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற வேன்.

இன்னொரு முறை தண்ணீர் குடிக்கலாமா என்று பார்த்தாள்.

மணி பதினொன்று நாற்பது.

"என் சம்பளம் பதிமூணுதான்ப்பா."

அப்பா சிரித்தார்.

"பதினஞ்சு அனுப்புறியே தாயி?"

சொன்னாள். அந்த அம்மாளைப் பற்றி, குழாயைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி. மடமடவென்று சொல்லி முடித்தாள். நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிப்பது போல இருந்தது அவளுக்கே.

அப்பா தாளைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

ஏன் பொய் சொன்னாய் என்பார். ஊரில் இனி எப்படித் தலைகாட்டுவது என்பார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"அப்ப நீ எப்பத்தான் தூங்குவ?"

அழுகை வந்தது. அழுதாள். பக்கத்து நாற்காலிக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாகப்பிரியா!"

பிரியா சட்டென்று எழுந்தாள்.

"நானும் ரெண்டு வேலை பாப்பேன்ப்பா."

ஓங்கி ஓர் அறை விடலாம் போல வந்தது பெரியவளுக்கு. இவளுக்கு என்ன தெரியும்? பதினேழு வயசு. அந்தப் புண்ணின் நாற்றம் தெரியுமா? பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கத் தெரியுமா?

அப்பா உள்பையிலிருந்து கவரை எடுத்தார். பிரியா கை நீட்டினாள். அவர் அவளிடம் கொடுக்கவில்லை. பெரியவளின் மடியில் வைத்தார்.

"எனக்கு இந்தக் கணக்குப் புரியல தாயி. நீயே சொல்லு."

இரண்டாவது முறையும் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும்.

பார்த்துவிட்டாள்.