கொதிகலன் யாருடையது?

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. திரையில் மச்சான். குரல்வேந்தர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெந்நீரை ஒரு மிடறு விழுங்கினார். அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கியவர் அவரேதான்.

"எடுத்துத்தான் பேசுங்களேன். விடியறதுக்குள்ளேயே ஆரம்பிச்சிட்டான்" என்றாள் மனைவி.

"உன் தம்பிதானே, கெஞ்சட்டும். பேர் பதிவாகுற வரைக்கும் அவன்கூடப் பேச்சே கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார்." அவளுடைய கைப்பேசியும் அவர் சட்டைப்பையில்தான் சிறையிருந்தது.

விவகாரம் 'கொதிகலன்' என்ற பெயர். இவர் பாட, மச்சான் டிரம்ஸ் அடிக்க, இருவருமாக வளர்த்த இசைக்குழு. இரண்டு வருடத்துக்கு முன் இவருக்குக் குரல் போயிற்று. மச்சான் வேறொரு பாடகனைப் பிடித்து, அதே பெயரில் ஊர் ஊராகக் கொதித்துக்கொண்டிருந்தான். பெயரைத் தன் ஒருவர் பேரில் வணிகச் சின்னமாகப் பதிய இவர் மனுப் போட்டார். மச்சான் ஆட்சேபம் போட்டான். பெயரும் கைவிட்டுப் போனால் இவருக்கு மிச்சம் வெந்நீர் மட்டுமே.

வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "நீங்க மேடை ஏறலைன்னா பேரை நீங்க பயன்படுத்தலைன்னு ஆயிடும் சார். அதனால அவர் நடத்துற கச்சேரியெல்லாம் உங்க அனுமதியில, உங்க மேற்பார்வையில நடக்குதுன்னு அடிச்சுச் சொல்லுங்க. யார் வந்து கேட்டாலும் இதே பதில்!"

அழைப்பு மணி அடித்தது. வாசலில், ஷூவில் சேறு காயாத ஒருவர். தூங்காத கண்கள்.

"கொதிகலன் குழு யாரோடது சார்?"

எதிர்த்தரப்பு ஆழம் பார்க்க ஆள் அனுப்பிவிட்டது! குரல்வேந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னோடது. என் ஒருத்தனோடது."

"உங்க மச்சான் தன்னோடதுன்னு சொல்றாரே? உங்களுக்குச் சம்பந்தமே இல்லையாம். திரும்பத் திரும்பச் சொல்றார்."

"சம்பந்தம் இல்லையா? திமிரைப் பாத்தீங்களா! அவன் நான் வச்ச ஆள் சார். கூலிக்குக் கொட்டு அடிக்கிறவன்."

சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது.

"அப்போ நேத்து நடந்த கச்சேரி?"

"அதுவும் நம்ம கச்சேரிதான்."

"மேடை போடுறது, சாரம் கட்டுறது, எத்தனை பேரை உள்ள விடுறதுங்கிறதெல்லாம் அவர் முடிவா?"

"அவனுக்கு ஏது சார் முடிவு? நான் தலையாட்டாம அங்க ஒரு ஆணி இறங்காது. வேணும்னா எழுதியே தர்றேன்."

எழுதியும் கொடுத்தார். கையெழுத்துக்குக் கீழே பட்டத்தைப் போட மறக்கவில்லை. மனைவி கதவோரம் வந்து, "கொஞ்சம் யோசிச்சு..." என்று இழுத்தாள். "உன் தம்பி பாசம் அடுப்படியோட இருக்கட்டும்" என்று அடக்கினார்.

வந்தவர் காகிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தார்.

வெகு நாளைக்குப் பிறகு குரல்வேந்தருக்குத் தொண்டை திறந்தாற்போல் இருந்தது. "உங்க வக்கீல்கிட்ட போய்ச் சொல்லுங்க, இனி அந்தப் பேரை எவனாலும் என்கிட்டேயிருந்து பிரிக்க முடியாது!"

"நான் போலீஸ் சார். நேத்து சரிஞ்சு விழுந்த உங்க மேடைக்கு அடியிலேருந்து இப்பதான் ஆறாவது பொணத்தை எடுத்தோம்."