பாய் வெட்டின வரப்பு

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு இழுத்துக்கட்டும்.

ஜப்பான்காரன் காலம். காஜா பெராங்ங்கிற ஊருல அன்னிக்குப் பூங்காவனத்துக்கு வந்த கோவத்துக்கு, ஜப்பான்காரனே எதுக்க வந்திருந்தாலும் அவதான் நிப்பா, அவன்தான் குனிஞ்சு கும்புடுவான்.

பின்ன? புருஷன சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க. வீட்டுல மூணு புள்ளைங்க. அரிசியக் கண்ணால பாத்து மாசமாச்சு. இருக்கிறது கொல்லையில நாலு வரிசை மரவள்ளி. அதுலயும் ஒரு வரிசை வேர் அழுகித் தொங்கிப்போச்சு.

மாடு வெச்சிருக்க கமலவேணிகிட்ட கெஞ்சி, சாணி வாங்கிப் போட்டிருந்தா. அந்தச் சத்து மழையில பக்கத்துக் கொல்லைக்கு ஓடிடக்கூடாதுன்னு முழங்கால் உசரத்துக்கு வரப்பு கட்டினா. கட்டக் கட்ட யாரோ வெட்டிவிட்டாங்க. ரெண்டு வாட்டி.

மூணாவது வாட்டி கையும் களவுமா மாட்டினது பக்கத்து வீட்டு முகைதீன் பாய். கையில மண்வெட்டி.

"யோவ் பாய்! சாணிச்சத்தயா திருடுற? வெக்கமா இல்ல?"

"கத்தாத தங்கச்சி. தண்ணி தேங்குனா மண்ணுல இருக்கிற சீக்கு வேர்ல ஏறிடும். ஓடட்டும்."

"ஓடி எங்க போவுது? உன் கொல்லைக்குத்தானே! என் புள்ளைங்க வயித்துல அடிச்சு உன் கிழங்கப் பெருக்க வைக்கிற. இதுல டாக்டரு மாதிரி பேச்சு வேற!"

சத்தம் கேட்டு வந்த கமலவேணி வேலிக்கு அந்தாண்ட இருந்து ஏத்திவிட்டா. "விடாதடி! அவரு செடி எப்படிப் பச்சையா நிக்குது பாரு!"

பூங்காவனம் சேலைய இழுத்துச் சொருகினா. வரப்பத் தாண்டினா.

"என் சத்துல விளைஞ்சது எனக்குத்தான்!"

ஒரு செடியப் புடுங்கினா. கிழங்கு வரல. கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஒழுகுச்சு. நாத்தம்னா நாத்தம். அடுத்ததப் புடுங்கினா. அதுவும் அப்படித்தான். அதுக்கடுத்தது? அதேதான். மேல பச்சை, அடியில கூழு.

கமலவேணி மூக்கப் பொத்திக்கிட்டு ஓடியே போயிட்டா.

பூங்காவனம் கீழ பாத்தா. அவ கணுக்கால் முங்க, அவ கொல்லைத் தண்ணி.

"என்ன பாய் இது? உங்களுதும் போச்சே!"

"என் பக்கம் பள்ளம். அந்தத் தண்ணி எங்கயாச்சும் போய் நிக்கணுமில்ல?"

"தெரிஞ்சேவா வெட்டிவிட்டீங்க?"

பாய் மண்வெட்டியத் தோள்ல போட்டாரு.

"நான் ஒத்தக்கட்டை. உன் வீட்டுல மூணு வாயி இருக்கு. உன் வாயி தனி. அதுக்கு நாலு கொல்லை விளைஞ்சாலும் பத்தாது."

கேட்டாச்சில்ல? சும்மா எந்திரிச்சுப் போனா எப்படி? ஆளுக்கு ஒரு துண்டு அவிச்ச கிழங்கு வெச்சிட்டுப் போங்க. அழுகாததாப் பாத்து!