வலப்பக்கத்துச் சக்கரம்

மணி ஒன்பதரை. காஜா பெராங் தெருவில் டயர் கடை வாசலில் தனபாலனின் மோரிஸ் கார் ஜாக்கியின் மேல் நிற்கிறது. பத்து மணிக்கு விமானத் திடலில் கால் மைல் பந்தயம். பிந்தி வருகிறவரின் பெயரை அடித்துவிடுவார்கள். பின்னால் இடப்பக்கம் புதிய ரேடியல் டயர் ஏறிவிட்டது. அதன் ஜோடியைக் கடைக்காரர் யூனுஸ் மடியில் சாய்த்துத் தடவுகிறார். பக்கச் சுவரில் ஒரு வீக்கம் விரலில் இடறுகிறது. வெயில் படத் திருப்பித் தடவுகிறார். வீக்கம் அங்கேயேதான் இருக்கிறது. கழற்றிய பழைய கிராஸ்பிளை டயர்களிலோ ஒன்று நூல் தெரியத் தேய்ந்திருக்கிறது.

"நல்லா இருக்கிற பழசை வலப்பக்கம் மாட்டுங்க பாய். ஒரு பக்கந்தானே?"

"ஒரு பக்கம் ரேடியல், ஒரு பக்கம் கிராஸ்பிளையா? ரெண்டும் வேற வேற ரகம். பிரேக் போட்டா காரு கோணிக்கும் லா."

"இருபது வினாடி ஓட்டம் பாய்."

"உசுரு போயி மவுத்தாக அதுல பாதி போதும்."

தனபாலன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கையை நீட்டுகிறான். நட்டுகள் நான்கும் யூனுஸின் மூடிய கைக்குள் இருக்கின்றன. தெருவில் பேச்சா என்னும் மிதிரிக்‌ஷா ஒன்று மணியடித்துக்கொண்டே கடந்து போகிறது. தனபாலன் நீட்டிய கையை மடக்காமல் கடைக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கிறான்.

யூனுஸ் எழுந்து, இன்னொரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் நிற்கும் தம்முடைய பழைய மோரிஸுக்கு அருகே குந்துகிறார்.

"உங்க காரு பாய்?"

"அதுக்கு இன்னிக்கு ஓட்டம் இல்ல. அதுலயும் கிராஸ்பிளைதான், ஒண்ணை உனக்கு வலப்பக்கம் மாட்டறேன். கெளம்பறப்போ பழசுதான் தரையைக் கவ்வும். நீ இடப்பக்கத்துப் புதுசைக் கழட்டு, அங்க உன்னோட நல்ல பழசைப் போடுவோம்."

"பிஸ்மில்லா" என்று முணுமுணுத்தபடி தம் காரின் முதல் நட்டைத் திருகிக் கழற்றுகிறார்.