தலையணை உறை

பச்சிளங்குழந்தை வார்டில் அவருக்கு 'நுனிவிரல்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. தினமும் காலையில் வருவார். பாலிதீன் பையிலிருந்து ஒரு பழைய துணியை, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி நுனிவிரலில் பிடித்து எடுத்துத் தலைமை நர்ஸிடம் நீட்டுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் மகனை எட்ட நின்று பார்ப்பார், தொடமாட்டார். ரத்தம் எடுத்து முடிந்ததும் துணியை அதே நுனிவிரலில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டீசல் மெக்கானிக் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

துணி அவர் மனைவியுடையது. குறைமாதத்தில் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு மறுநாளே அவள் கண்ணை மூடிவிட்டாள்.

பிள்ளைக்குக் குதிகாலில் குத்தித்தான் ரத்தம் எடுக்க வேண்டும். பாதமே கட்டைவிரல் நீளம்தான். இத்தனூண்டுக்கு வலி எங்கே தெரியப்போகிறது என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அங்கே வந்து நிற்கவேண்டும். நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். அம்மா வாசனையும் பக்கத்தில் இருந்தால் அழுகை சீக்கிரம் அடங்கும். அதனால்தான் அவள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத துணியாகப் பார்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் தலைமை நர்ஸ்.

மற்ற நர்ஸுகளுக்கு மனசு ஆறவில்லை. பெண்டாட்டி துணியைத் தொடவே இவ்வளவு அருவருப்பா என்றாள் ஒருத்தி. அவளைக் காவு வாங்கிய பிள்ளை என்று கறுவுகிறார், அதான் தொடுவதில்லை என்றாள் இன்னொருத்தி. அடுத்த கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருப்பார் என்று ஆயா தன் பங்குக்கு ஒரு போடு போட்டாள்.

இன்றைக்கு அவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"துணி எங்க தம்பி?" என்றார் தலைமை நர்ஸ்.

"தீந்துபோச்சு சிஸ்டர்."

ஆயா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். அழுக்குக் கூடையில் கிடந்த அவள் துணியெல்லாம் போன வாரமே தீர்ந்துவிட்டதாம். அப்புறம் கொண்டுவந்தது அவளுடைய தலையணை உறையாம்.

"எத்தனை சோப்பு போட்டாலும் இந்தக் கையில டீசல் வாடை போகல. பட்டா அவ வாசனை போயிடுமேன்னுதான் நுனியில பிடிச்சுக் குடுத்தேன். இவனையும் அதனாலதான் தொடல."

ஆயா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினாள்.

"ஆனா ராத்திரி வீட்டுல நான் ஒருத்தன்தானே சிஸ்டர். தூக்கம் வரமாட்டேங்குது. பிள்ளைக்குன்னு வெச்சதாச்சேன்னு தெரிஞ்சும், தினமும் அந்த உறையைத் தலையணையில மாட்டி, அதுல முகத்தை வெச்சுத்தான் படுத்தேன். நேத்து மோந்து பாக்கறேன், அவ வாசனை கொஞ்சம்கூட இல்ல. என் வாடைதான் இருக்கு. என் பிள்ளைக்குச் சேரவேண்டியதை நானே தீர்த்துட்டேன்."

சட்டைத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஒண்டியாக நின்று அழுகிற மனிதரை எப்படித் தேற்றுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தொட்டிலில் போடும் துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள் ஒரு நர்ஸ்.

தலைமை நர்ஸ் மட்டும் கேட்டார், "இந்த ஒரு வாரமா நீங்க குடுத்தது அந்த ஒரே உறைதானா?"

"ஆமா."

"போய் நல்லா கழுவிட்டு வந்து, சட்டையைக் கழட்டிட்டு இந்த நாற்காலியில உக்காருங்க."

அவர் பயந்து பயந்து உட்கார்ந்தார். வெறும் மார்பில் பிள்ளையைக் கிடத்தி, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் பொறுத்துக் குதிகாலில் குத்தினார்கள். பிள்ளை வீலென்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பிள்ளை மூக்கை அவர் மார்பில் அப்படியும் இப்படியும் தேய்த்தது. அழுகை நின்றுவிட்டது.

"அவ வாசனை இல்லாமயே அடங்கிட்டானே சிஸ்டர்" என்றார் அவர், நம்பமுடியாமல்.

"அந்த உறையைத் தினமும் கையில வாங்கினவ நான் தம்பி. ஒரு வாரமா இவன் அடங்கினதே உங்க வாடைக்குத்தான்."