எனக்கும்

எழுதியதை அனுப்பும் பொத்தானை அழுத்திய கையோடு வேதியியல் ஆசிரியை கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.



ஆசிரியர் கூட்டமென்றால் தலைமையாசிரியை சுற்றறிக்கை வாசிப்பார். மற்றவர்கள் மேசைக்கடியில் நோட்டுத் திருத்துவார்கள். கடைசி வரிசை கண்ணைத் திறந்தபடியே தூங்கும். இன்று சுவரில் பெரிய திரை. அதில் ஒரே ஒரு கேள்வி: 'இந்த அறையில் சொல்லாமல் விழுங்கியது என்ன?'

கைப்பேசியில் எழுதி அனுப்பினால் திரையில் வரும். பெயர் வராது. படிப்பவருக்கும் அதே தொல்லை இருந்தால், பக்கத்திலுள்ள 'எனக்கும்' என்பதைத் தொட்டால் போதும்.

முதலில் வந்தவை சிரிக்க வைத்தன. மாடிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும். விளையாட்டு ஆசிரியர் காதருகே விசில் ஊதக் கூடாது.

பிறகு அந்த வரி வந்தது.

'பத்து டி வகுப்புக்குள் போகவே பயமாக இருக்கிறது.'

'பத்து டி' என்று பார்த்ததுமே அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது சூடாயிற்று.

சிரிப்பு பட்டென்று நின்றது.

பத்து டியில் யாரும் கத்த மாட்டார்கள். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், நாற்பது வாயும் மூடியபடியே 'ம்ம்ம்' என்று முனகும். திரும்பிப் பார்த்தால் நாற்பதும் அப்பாவி முகங்கள். யாரைக் கேட்பது?

முதுகைக் காட்டப் பயந்து, இரண்டு மாதமாகச் சமன்பாடுகளைக்கூட எழுதிப்போடாமல் வாயால் சொல்லியே ஓட்டிவந்தாள். அக்கா கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம் சூப்பர் என்றாள். வேலையை விடும் கடிதத்தை நேற்றுத்தான் எழுதி முடித்தாள்.

"ஐயையோ, ஏறுது பாருங்க!" என்றார் பக்கத்திலிருந்த நூலகர்.

நிமிர்ந்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

நான்கு. ஒன்பது. பதினான்கு.

பதினேழில் நின்றது. அறையில் இருந்ததே இருபத்திரண்டு பேர்.

கணக்கு ஆசிரியர் எழுந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'இடி'. அவர் நடைக்கூடத்தில் செருமினாலே மூன்று வகுப்புகள் அடங்கும்.

"நானும்தாங்க அமுக்கினேன். இனிமே அங்க ஒருத்தரும் தனியாப் போக வேணாம், ரெண்டு ரெண்டு பேராப் போவோம்."

யாரோ விட்ட பெருமூச்சு கேட்டது. பிறகு அறை முழுவதும் சிரிப்பு. தலைமையாசிரியை அங்கேயே கால அட்டவணையை விரித்து, பென்சிலால் திருத்தத் தொடங்கிவிட்டார். நாளை வேதியியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் இடி உட்காருவார்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுடைய தோள்கள் கீழே இறங்கின. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

கூட்டம் கலைந்தது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமென்று கைப்பேசியை நிமிர்த்தினாள்.

'என்னால் பத்து டியைச் சமாளிக்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.'

அவள் எழுதியது அப்படியே இருந்தது. கீழே சிவப்பு எழுத்தில்: 'இணைப்பு இல்லை. அனுப்பப்படவில்லை.'

திரையைப் பார்த்தாள். அந்த வரியை இப்போதுதான் முழுதாகப் படித்தாள். வேறு யாரோ எழுதியது.

வாசலை நோக்கி நகர்ந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சிக்னலுக்காக ஜன்னலோரம் போய் நின்று, 'எனக்கும்' என்பதைத் தொட்டாள்.

பதினெட்டு.