காற்றாலைப் போர்வை

அழைப்பு மணி அடித்தபோது வத்சலா ஹாலில் முட்டி போட்டிருந்தாள்.

சோபாவைச் சுவரோரம் தள்ளியாயிற்று. டீப்பாயைப் பால்கனிக்குத் தூக்கியாயிற்று. தரை முழுக்கப் போர்வைக்கான அடித்துணி. அதன்மேல் பஞ்சு. அதன்மேல் மாதக்கணக்கில் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த மேல்துணி. மூன்றையும் சுருக்கமில்லாமல் இழுத்து ஊக்கு குத்த வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் கூடவே வந்தது.

இரண்டு ஆள் வேலை.

எழுந்து கதவைத் திறந்தாள்.

தமயந்தி நின்றிருந்தாள்.

பங்குனி வரை அவர்கள் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தமயந்தியின் மகனும் வத்சலாவின் மகள் மிருதுளாவும் நிச்சயம் முடிந்து, மண்டபம் பார்த்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் ஒத்துவராது என்று விலகிக்கொண்டார்கள். அப்பாக்கள் இருவரும் போனில் கத்தினார்கள். பிறகு போன் செய்வதையே நிறுத்தினார்கள்.

அம்மாக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"வாங்க" என்றாள் வத்சலா. அதற்குப் பின்னால் வழக்கமாக வரும் சொல் வரவில்லை.

"பல் டாக்டரப் பாக்க வந்தேனுங்க. அப்படியே இந்தப் பக்கம்..."

கன்னத்தில் வீக்கம் எதுவும் இல்லை. அவள் கண் தரையில் விரித்திருந்த துணியில் இருந்தது.

வத்சலாவுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதுதான் பொழுதுபோக்கு. எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ரயில் நிலையத் தரை. குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய். மழைக்குப் பின் தார்ச்சாலையில் எண்ணெய் படிந்த நிறம். உடனே தையற்கடை மிச்சத்தைக் கொட்டிக் கிளறத் தொடங்கிவிடுவாள்.

இந்தப் போர்வைக்கான யோசனை மட்டும் தமயந்தி தந்தது. கல்யாணப் புடவை பார்த்துவிட்டு உடுமலைக்குக் காரில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"இதத் தைப்பீங்களா சம்பந்தி?"

வயல்வெளி முழுக்கக் காற்றாலைகள்.

நான்கு முக்கோணத்தை ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி அடுக்கினால் காற்றாலை வந்துவிடும். நிஜத்தில் அதற்கு மூன்று இறக்கைதான். துணியில் நான்கு. ஒரு கட்டத்தில் மிருதுளாவின் பழைய சுடிதார். அடுத்த கட்டத்தில் தமயந்தி கொடுத்த புடவை. மாற்றி மாற்றி. புதுத் தம்பதிக்கு.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வாட்ஸாப்பில் படம் அனுப்புவாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் தமயந்தியிடமிருந்து பதில் வந்துவிடும். அந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே. இதுதான் நல்லா இருக்குது. இன்னொன்னு அனுப்புங்க.

கல்யாணம் நின்றதை எல்லோரும் வந்து விசாரித்தார்கள். இந்தப் படமும் பதிலும் நின்றதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிரித்துவிடத்தான் முதலில் உட்கார்ந்தாள். தையல் நெருக்கம். துணி கிழிந்தது. சுருட்டிப் பரணில் போட்டாள். இன்று காலை என்னவோ தோன்றி இறக்கினாள்.

"முடிக்கப் போறீங்களாங்க?"

"தெரியல. விரிச்சுப் பார்த்தேன்."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மிருதுளாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. கதவுக்குப் பின்னால் அவள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அந்த வீட்டு ஆளுங்க யாரும் இங்க வரக்கூடாது என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். ஒருமுறைதான். அதற்கப்புறம் நெடுநாள் அம்மாவிடம் பேசவில்லை.

வத்சலா அந்தக் கதவைப் பார்த்தாள்.

தமயந்தியும் பார்த்தாள்.

"நான் கெளம்பறேனுங்க."

செருப்புக்குள் ஒரு கால் போய்விட்டது.

"அந்த ஓரத்தப் பிடிங்க" என்றாள் வத்சலா.

தமயந்தி பையைக் கதவோரம் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். மெல்ல முட்டி போட்டாள்.

இழுத்தார்கள்.

ஒருத்தி நீவ, ஒருத்தி ஊக்கு குத்தினாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஒரு மாம்பழ மஞ்சள் கட்டத்தின் மேல் தமயந்தியின் கை நின்றது.

"இது என்ற தங்கச்சி கல்யாணத்துக்கு நான் கட்டுனது."

"கிழிச்சுக் குடுத்துட்டீங்க."

"ஆமாங்க."

கை மறுபடி நகர்ந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது.

மிருதுளா காலி பாட்டிலுடன் நின்றாள். காதில் ஹெட்போன். போர்வையைப் பார்த்தாள். அதன் இரு கரையிலும் முட்டி போட்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

ஊக்கு பிடித்த கைகள் அப்படியே இருந்தன. இருவரும் நிமிரவில்லை.

மிருதுளா நடந்தாள். போர்வையை மிதிக்காமல், சுவரை ஒட்டி, ஒவ்வொரு அடியாகச் சமையலறைக்குப் போனாள்.

தண்ணீர் நிறையும் சத்தம். நிறைந்த பிறகும் அவள் வரவில்லை.

பிறகு வந்தாள். அதே சுவரோரம். அறை வாசல்வரை போனவள் நின்றாள். குனிந்தாள். மேல்மூலையில் மடிந்திருந்த துணியை உள்ளங்கையால் நீவிவிட்டாள். கையை எடுத்ததும் அது மீண்டும் சுருண்டது.

"இங்க சுருக்கம் இருக்கு" என்றாள். யாரையும் பார்க்கவில்லை.

பாட்டிலை அந்த மூலையின் மேல் பாரமாக வைத்தாள். உள்ளே போனாள்.

மீட்டிங் தொடர்ந்தது. கதவுக்குப் பின்னால் அவள் குரல்.

வத்சலா பாட்டிலைப் பார்த்தாள். தமயந்தி பார்த்தாள்.

யாரும் அதை எடுக்கவில்லை.